போல் ஜொயின்ட் கழற்ற முன்னர்



மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு நம்முடைய வான்கள் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் ஓயாமல் ஓடுகின்றன. வாவியின் உப்புக்காற்றில் போல் ஜொயின்ட் துருவேறி இறுகிவிடும். கராஜுக்குக் காசில்லையென்று வீட்டு முற்றத்திலேயே கழற்றுகிறோம். அது பிழையில்லை. ஆனால் மணல் நிலத்தில் ஜக் சாயும். போன மாரியில் நம்மில் ஒருவருக்கு விரல் போனது அப்படித்தான்.

அதனால் பின்சில்லுக்குக் கல் வையுங்கள். ஜக்குக்குக் கீழே கனத்த பலகை, சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்ட். லோவர் ஆமுக்கும் இன்னொரு ஜக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் விசையில் அது அடித்துப்போடும்.

முதல் நாளிரவே துரு இளக எண்ணெய் விடுங்கள். பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள்; முழுதாகக் கழற்ற வேண்டாம். ஜொயின்ட் திடீரென விட்டால் நட்டுத்தான் மறித்துப் பிடிக்கும். போல்ட் நுனியில் அடித்தால் புரி நசியும். போல்ட் இறுகியிருக்கும் கண்ணின் பக்கவாட்டில் அடியுங்கள். மறுபக்கம் கனத்த சுத்தியலை அணைத்துப் பிடியுங்கள். கவர் இரும்பை இடையில் அடித்தால் றப்பர் உறை கிழியும். பழையதை வீசுவதென்றால் மட்டும் அது சரி.

பூட்டும்போது புதுப் பின் போடுங்கள். சந்தேகமென்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். காசை உழைக்கலாம், விரல் முளைக்காது.