பணியில் இருந்துகொண்டே குற்றவியல் நீதி படிப்போம்

(நமது ஜமாஅத்தின் கல்வி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





மருத்துவம், பொறியியல், கணினி ஆகிய படிப்புகளைப் பற்றி இதுபோன்ற மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு சற்று வேறானது. பட்டம் பெற்று ஒரு வேலையில் அமர்ந்துவிட்டவர், அந்த வேலையை விடாமல் குற்றவியல் நீதியை முதுநிலை அளவில் படிக்க இயலுமா, படித்தால் யாருக்குப் பயன் என்பதே கேள்வி. பகலில் கணக்கராகப் பணிபுரிந்து, இரவில் இப்பாடத்தைப் படித்தவன் என்ற முறையில் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

குற்றம் ஏன் நிகழ்கிறது என்று ஆராய்வது குற்றவியல். குற்றம் நிகழ்ந்த பின் காவல் நிலையம், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகிய மூன்றும் எவ்வாறு இயங்குகின்றன, எவ்வாறு இயங்க வேண்டும் என்று ஆராய்வது குற்றவியல் நீதி. இரண்டும் உடன்பிறப்புகள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித் துறைகள் உள்ளன. ஆயினும் அங்கு நேரில் சென்று முழுநேரமாகப் படிப்பது குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு எளிதன்று. அத்தகையோருக்காகவே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் குற்றவியல் நீதியில் முதுநிலைப் பட்டயப் படிப்பை அமைத்தது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரலாம். குறைந்தது ஓராண்டில் முடிக்கலாம். வேலைச் சுமை உள்ளவர் மூன்றாண்டுகள் வரை எடுத்துக்கொள்ளலாம். சேர விரும்புவோர் அந்தந்தப் பருவத்தின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்வது நலம்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். அப்பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் கொண்ட ஒரு பாடத்திற்கு 180 மணி நேரம் தேவை. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு மாதத்தில் அப்பாடம் முடியும். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், விடுமுறை நாளில் கூடுதலாக இரண்டு மணி நேரம் என்பதே நான் கடைப்பிடித்த முறை. பாட நூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் இரண்டு மாதங்கள் கடினமாகத் தோன்றும். ஒவ்வொரு பாடத்தையும் படித்து முடித்ததும் அதன் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிவைத்தால் பொருள் மனத்தில் நிலைக்கும். வீட்டிலிருந்தே படிக்க விரும்பும் நம் சகோதரிகளுக்கும் இந்த வழி மிகவும் ஏற்றது.

இனி, இப்படிப்பு நமக்கு ஏன் தேவை என்பதற்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, சிறையிலிருந்த நால்வரில் ஏறத்தாழ மூவர் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். இவர்களுள் வசதியற்றோரும் சட்டம் அறியாதோரும் ஏராளம்.

1979ஆம் ஆண்டில், பீகார் சிறைகளில் விசாரணையின்றி ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி நாளிதழில் வந்த கட்டுரைகளைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு. சுமத்தப்பட்ட குற்றத்திற்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தைவிடக் கூடுதலாகவே சிலர் சிறையில் கழித்திருந்தது அவ்வழக்கில் வெளிப்பட்டது. விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்று நீதிமன்றம் கூறியது.

நம் மஹல்லாவிலும் ஒரு பிள்ளையைக் காவல் துறை அழைத்துச் சென்றால், பெற்றோர் முதலில் வந்து நிற்பது ஜமாஅத் அலுவலக வாசலில்தான். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேண்டியது ஆறுதல் மட்டுமன்று. கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும். 60 நாட்களுக்குள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய கடுங்குற்றமாயின் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே மனுச் செய்தாக வேண்டும். நாளைத் தவறவிட்டால் அந்த உரிமை கைநழுவிப் போகும். இந்த நாட்களை எண்ணிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவில் இருந்த கொலைக்கான தண்டனை, பாரதிய நியாய சன்ஹிதாவில் 103ஆம் பிரிவாயிற்று. 420 என்று ஊரெல்லாம் அறிந்த மோசடி 318ஆயிற்று. அந்நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே இன்று படிப்பவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு நம் கவனத்திற்குரியது. மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்த விசாரணைக் கைதிக்கு ஜாமீன் கிடைக்க அது வழி செய்கிறது. முன்பு தண்டனை பெறாத முதல்முறைக் கைதிக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் இருப்பின் இச்சலுகை இல்லை. இதற்கான மனுவை நீதிமன்றத்தில் அளிப்பது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. பழைய வழக்குகளில் உள்ளோருக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அன்பர்களே, இப்படிப்பின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்தவர் வழக்கறிஞராகிவிட மாட்டார். நீதிமன்றத்தில் வாதாட இயலாது. அதற்குக் கல்லூரிக்குச் சென்று சட்டப் பட்டம் பெற்று, வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். உடனடியாக அரசு வேலை கிடைக்கும் என்றும் யாரும் நம்பிச் சேர வேண்டாம். குற்றம் செய்தவரைத் தப்புவிக்கும் தந்திரமும் இதில் இல்லை. பாதிக்கப்பட்டவரின் உரிமையும், அவருக்கு அரசு அளிக்கும் இழப்பீடும் இப்பாடத்தின் பகுதிகளே. நம் தெருவில் பொருளையோ உயிரையோ இழந்த குடும்பத்திற்கும் இந்த அறிவு உதவ வேண்டும்.

படித்தவர் செய்யக்கூடியது என்ன? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராக விண்ணப்பிக்கலாம். பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதை வீடுதோறும் சொல்லலாம். 15100 என்ற உதவி எண்ணை ஜமாஅத் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம்.

ஒவ்வோர் ஆண்டும் நம் மஹல்லாவிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இப்படிப்பில் சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கல்வி நிதியிலிருந்து அவர்களின் கட்டணத்தில் ஒரு பகுதியை அளிப்பது குறித்து நிர்வாகக் குழுவினர் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன். சேர விரும்புவோர் என்னிடம் வந்தால் என் பாட நூல்களையும் குறிப்பேடுகளையும் தருவேன்.