லாடம் வேண்டுமா, வேண்டாமா?

குதிரை என்றாலே லாடம் அடிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே குதிரைகளைப் பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனொபோன், லாடம் பற்றிச் சொல்லவே இல்லை. லாயத்துக்கு வெளியே கையளவு உருண்டைக் கற்களைப் பரப்பி, குதிரையை அதன்மேல் நிற்கவிடுங்கள், குளம்பு உறுதிப்படும் என்கிறார்.

குளம்பு நம் நகம் மாதிரிதான்; மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்தால்தான் சிக்கல். தார்ச்சாலையில் தினமும் வண்டி இழுக்கிற குதிரைக்கு லாடம் தேவைப்படுவது அதனால்தான். குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது, அங்கே ஆணி இறங்கினால் வலிக்காது. சற்றே உள்ளே போய்விட்டாலோ உயிர்ச்சதை! கைதேர்ந்தவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது.

காலைத் தூக்கிப் பாருங்கள். அடியில் முக்கோணமாக, ரப்பர் போல ஒரு பகுதி இருக்கும். மிதிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்க உதவுவது அது. குளம்பும் அப்போது லேசாக விரிந்து கொடுக்கும். இரும்பு அதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே மேய்ச்சல் நிலத்தில் திரிகிற, வேலை குறைந்த குதிரைக்கு வெறுங்காலே நல்லது என்பது என் கருத்து.

ஆனால் லாடத்தைக் கழற்றிய மறுநாளே சரளைக்கல்லில் ஓட்டிவிடாதீர்கள், பாவம். முன்பக்கக் குளம்பு முழுதாகப் புதிதாய் வளர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதுவரை கழற்றி மாட்டும் ரப்பர் காலணி உதவும். லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட வேண்டும்.