கார்க் கொட்டகைக்கு வைஃபை

சிம்லாவின் மலைச்சரிவில் வீடு கீழேயும் கார்க் கொட்டகை சாலையோரம் மேலேயும் அமைவதுண்டு. வீட்டில் இடமின்றி, கணப்பில்லாத அக்கொட்டகையில் நம்மவர் பிள்ளை படிக்க அமர்ந்தால், வைஃபை எட்டாமல் பாடம் பாதியில் நின்றுபோகும்.

கற்சுவர் அலையை விழுங்குகிறது. இரும்புக் கதவு அதைத் திருப்பியனுப்புகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை நன்கு ஊடுருவும். முதலில் அதனைச் சோதித்துப் பாருங்கள். போதாதெனின், 100 மீட்டர் வரை ஈதர்நெட் கம்பி இழுத்து, அதன் முனையில் இன்னொரு வைஃபை கருவியைப் பொருத்தலாம்.

ஆனால் வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைக்குமே உரியவை. உறைபனி இரவுகளுக்கு வெளிப்புறக் கருவியே ஏற்றது. விலையைப் பார்க்குமுன் வெப்பநிலைக் குறிப்பைப் படியுங்கள். மார்கழியிலும் படிப்பு தடைப்படாது.