அம்மம்மாவுக்கு நான்கு பக்கம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமாகி 31ஆம் நாள், அந்தியேட்டிக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கும் வந்தவர்கள் சாப்பிட்டுப் புறப்படும்போது கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் நினைவு மலர் என்றிருக்கும். ஊரில் கல்வெட்டு என்றே சொல்வார்கள். முதலில் படம். பிறகு ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அடங்கிய திதி வெண்பா. தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இதே ஒழுங்கில் அச்சாகிறது. வாங்கிப் போய் அலுமாரியில் வைத்துவிட்டு மறந்துபோகிற இந்தப் புத்தகத்தைத்தான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். உழைத்து உழைத்தே வாழ்ந்த ஒரு தாயை, ஒரு பேத்தியாரை நாம் எப்படி நினைவில் வைக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

இதைச் சின்ன விசயம் என்று எண்ணிவிட வேண்டாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் வந்த போரிலும் இடப்பெயர்வுகளிலும் வீட்டு ஏடுகள், காணி உறுதிகள், படங்கள் என்று அழிந்தவற்றுக்குக் கணக்கே இல்லை. அவ்வளவு அழிந்த பிறகும் வீட்டுக்கு வீடு சிதறிக் கிடந்ததால் தப்பியவை இந்த மலர்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இவற்றைத் தேடி மின்வடிவாக்கிப் பாதுகாக்கிறது. ஓர் ஊரில் யார் யாருக்கு உறவு, எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்து குடியேறியது, எந்தக் கோயிலுக்கு யார் உபயகாரர் என்பதையெல்லாம் ஆராய்கிறவர்கள் இவற்றைத்தான் புரட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், சாதாரண மனிதர் வரலாற்றில் இடம்பிடிக்க நாமே செய்துகொண்ட ஏற்பாடு இது. ஆகவே இதில் என்ன எழுதுகிறோம் என்பது முக்கியம்.

ஐயாவின் மலரைத் திறந்து பாருங்கள். எந்தப் பாடசாலையில் படித்தார், எந்த ஆண்டு எழுதுவினைஞராகச் சேர்ந்தார், அனுராதபுரத்துக்கும் மட்டக்களப்புக்கும் எப்போது மாற்றலாகிப் போனார், எந்தத் தரத்தில் ஓய்வு பெற்றார் என்று வரிசையாக இருக்கும். அம்மாவின் மலரில் பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், பிள்ளைகளின் பெயர்கள். அதன் பிறகு அன்பு, பொறுமை, தியாகம், குலவிளக்கு. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அந்தப் பக்கம் எந்த அம்மாவுக்கும் பொருந்திவிடும், அதுதான் குறை. இத்தனைக்கும் ஐயாவின் பக்கத்துக்கு ஆதாரமே அம்மாதான். அவர் வெளியூரில் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் ஊரில் காணியை, மாட்டை, கிணற்றை, பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை, படுக்கையில் கிடந்த மாமியாரைப் பார்த்தவர் யார்? யாழ்ப்பாணத்தை மணியோடர் பொருளாதாரம் என்று சொல்வார்கள். மணியோடரை அனுப்பியவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வாங்கி அதை ஒரு மாதத்துக்கு இழுத்தவரின் கெட்டித்தனத்தை எவரும் எழுதவில்லை.

எழுத என்ன இருக்கிறது, சமையலும் கூட்டலும்தானே என்கிறீர்களா? பனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆவணி புரட்டாதியில் பழம் விழும். விடியமுன் போய்ப் பொறுக்கி வரவேண்டும். பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பாயில் ஊற்றி வெயிலில் காயவிட்டு, காய்ந்ததன் மேல் மறுநாளும் ஊற்றிப் படை படையாக ஏற்றினால் பனாட்டு. மழை வரும் நாளை மணத்திலேயே அறியாவிட்டால் அத்தனையும் பழுதாகும். மிஞ்சிய கொட்டையை எறிவதில்லை. பாத்தி போட்டு அடுக்கினால் தை மாசியில் கிழங்கு. கிழங்கைப் பிடுங்கும்போது கொட்டையை வெட்டினால் உள்ளே பூரான், அது பிள்ளைகளுக்கு. வெட்டிய ஊமல் அடுப்புக்கு. கிழங்கை அவித்துத் தின்னலாம், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒடியலை இடித்த மாவைக் கயர் போக நீரில் ஊறவிட்டுத்தான் கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பார்கள். எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்பது எந்தக் கொப்பியிலும் இல்லை, விரலில் இருந்தது. ஒரு மரத்தின் ஒரு பழத்திலிருந்து ஆறேழு பொருள், எதையும் வீணாக்காமல், மழைக்காலத்துக்குச் சேமிப்பாக. இதை ஒரு தொழிற்சாலை செய்தால் உற்பத்தி முகாமைத்துவம் என்று அறிக்கை எழுதுவார்கள். இது பனையோடு முடிகிற கதையுமல்ல. நெல் அவிப்பது, மிளகாய் வறுத்து இடிப்பது, வெங்காயம் நடுவது, கிடுகு பின்னுவது என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு.

போர்க்காலத்தை நினைத்தால் இந்தக் கணக்கு இன்னும் கூடும். 1990இலிருந்து வடக்குக்கு எரிபொருள், மின்கலம், சவர்க்காரம் என்று எத்தனையோ பொருள்களுக்குத் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. மின்சாரம் ஆண்டுக்கணக்கில் இல்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியுமாக ஒரு விளக்கு, அதன் வெளிச்சத்தில் பிள்ளைகள் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது இலட்சக்கணக்கானவர்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். எதை எடுப்பது, எதை விடுவது, வழியில் குழந்தைக்கு என்ன கொடுப்பது, மறுநாள் எந்த மரத்தடியில் அடுப்பு மூட்டுவது என்று முடிவெடுத்தவர்களில் பலர் பெண்கள். அந்தக் காலத்தில் தாயாக இருந்தவர்கள்தான் இன்று அம்மம்மாக்கள், அப்பம்மாக்கள். அவர்களுடைய மலர்கள் இனித்தான் அச்சாகப் போகின்றன.

இந்த உழைப்பையெல்லாம் மலரில் எழுத வேண்டும் என்றால் ஒரு மறுப்பு வரும். தாயன்பைக் கணக்குப் பார்க்கலாமா, அது எங்கள் பண்பாடா என்று கேட்பார்கள். எங்கள் பண்பாடே கணக்குப் பார்த்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் தேடியதேட்டம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. திருமண வாழ்வில் தேடிய சொத்து. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம் அதை எழுதியபோது, கணவன் மனைவி இருவரில் யார் தேடியிருந்தாலும், யாருடைய பெயரில் இருந்தாலும், இருவருக்கும் சம உரிமை என்றது. சம்பளம் கொண்டுவராத மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தில் கலந்திருக்கிறது என்ற விளக்கமில்லாமல் அப்படி ஒரு விதி நிற்காது. காணியைப் பங்கிடும்போது பார்த்த கணக்கை வாழ்க்கையை எழுதும்போது மட்டும் பார்க்கக்கூடாது என்பது நியாயமில்லை. மேலும், நான் விலை போடச் சொல்லவில்லை. விவரம் எழுதச் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு கனமானது. அதைத் தள்ளிவிட முடியாது. உழைப்பை இப்படிப் பாடிப் பாடித்தானே பெண்ணை அடுப்படியில் வைத்திருக்கிறீர்கள் என்பது அது. உண்மைதான், பாடினால் அப்படித்தான் ஆகும். ஆனால் விவரமாக எழுதினால் வேறொன்று நடக்கும். எத்தனை மணிக்கு எழும்பினார், எத்தனை பேருக்குச் சமைத்தார், கடைசியாகச் சாப்பிட்டவர் யார், எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று எழுதத் தொடங்கினால், பாராட்டோடு சேர்ந்து அநியாயமும் பக்கத்தில் ஏறிவிடும். தேடியதேட்டத்தில் சம பங்கு சொன்ன அதே சட்டம், மனைவி தன் சொந்தக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. இன்றும் இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டில், வீட்டுவேலை மட்டும் செய்கிறவர் பொருளாதார ரீதியில் செயற்படாதோர் பட்டியலில் வருகிறார். பனாட்டும் ஒடியலும் செய்து ஆண்டு முழுதும் ஒரு குடும்பத்தைத் தாங்கியவர், செயற்படாதவர்! தியாகம் என்ற ஒற்றைச் சொல் இதையெல்லாம் மூடிவிடுகிறது. விவரம் மூடாது.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: கேட்டால் அம்மாவே, நான் என்னத்தைச் செய்தனான், விடு என்பார். உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டால் அப்படித்தான் சொல்வார். மழை பெய்த வருசம் நெல்லை எங்கே காயவைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்த மாட்டார்.

வீட்டில் முதிய தாய் இருக்கிற நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். கைபேசியில் ஒலிப்பதிவு செய்யத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவரை அவர் பக்கத்தில் இருத்துங்கள். அவர் செய்த வேலைகளை, செய்த விதத்தோடும் ஆண்டோடும் இடத்தோடும் கேட்டு எழுதி வையுங்கள். ஏற்கெனவே இழந்துவிட்டவர்கள், அவரோடு வேலை செய்த சகோதரியோ அயலவரோ இருந்தால் அவரிடம் கேளுங்கள். மலர் அச்சாகும் நாளில் புலம்பலைக் கொஞ்சம் சுருக்கி இதற்கு நான்கு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்கும் இன்னொன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.