ஸ்கேன் படம் நாள் குறிக்குமா?

(எமது சங்கத்தின் தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை சற்றே திருத்தப்பட்டுள்ளது.)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதற்கும் வருவேன். ஆனால் இன்றைக்கு வாயிலிருந்து தொடங்குகிறேன்.

போன தவணையில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு பெரிய கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே ஸ்கேன் ரிப்போர்ட், முழுக்க ஆங்கிலத்தில். "சேர், அப்பாவுக்கு இன்னும் எத்தனை நாள்னு இதில போட்டிருக்காம். வாசிச்சுச் சொல்லுங்க" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளுடைய அப்பா லயத்துக் காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ஒப்பரேஷனுக்குக் கொடுத்த தேதிக்குப் போகமாட்டேன் என்கிறார். யாரோ அவரிடம் "ஸ்கேன்ல எல்லாம் தெரிஞ்சு போச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்.

அந்தத் தாளில் நாள் எதுவும் இருக்கவில்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புண், அதன் நீளம் இத்தனை மில்லிமீட்டர், ஆழம் இத்தனை மில்லிமீட்டர், கழுத்தில் ஒரு நெறிக்கட்டி சந்தேகமாக இருக்கிறது, தாடை எலும்பில் ஒன்றும் இல்லை. இவ்வளவுதான். அன்று சாயந்தரமே அவர் வீட்டுக்குப் போய் வரிவரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்து, "எலும்புல இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்கேன் சாத்திரம் பார்ப்பதில்லை, அளந்து பார்க்கிறது. சிடி ஸ்கேன் எலும்பை நன்றாகக் காட்டும். எம்ஆர்ஐ சதையை நன்றாகக் காட்டும். புண் நாக்குத் தசைக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது அதில்தான் தெளிவு. பெட் ஸ்கேனில் சீனி மாதிரியான ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். அதை அதிகம் இழுத்துக்கொள்ளும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். எம்ஆர்ஐ மெஷின் பெரும் சத்தம் போடும், பயப்படாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிடி ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவதாக இருந்தால், சலரோகக் குளிசை குடிப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேட்கவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள்.

ஆழம் ஏன் முக்கியம்? முன்பெல்லாம் வாய்ப் புற்றுநோயின் நிலையைப் புண்ணின் அகலத்தை வைத்தே கணித்தார்கள். 2018இல் நடைமுறைக்கு வந்த நிலைக் கணக்கில் ஆழத்தையும் சேர்த்தார்கள். 2 சென்றிமீட்டருக்கு மேற்படாத புண், ஆழமும் 5 மில்லிமீட்டருக்குள் என்றால் முதல் படி. ஆழம் 5ஐத் தாண்டினால் இரண்டாவது, 10ஐத் தாண்டினால் மூன்றாவது. பிள்ளைகளின் கோட்டுக் கொப்பியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை விட 5 மில்லிமீட்டர் குறைவு. மேலே பார்த்தால் சின்னப் புண்ணாக இருக்கும், வேர் மட்டும் உள்ளே போயிருக்கும். கொழுந்து மலையில் களை பிடுங்குகிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது கழுத்து. வாயிலுள்ள நோய் முதலில் போய்த் தங்குவது கழுத்து நெறிக்கட்டிகளில். ஸ்கேனும் அங்கே சில நேரம் ஏமாந்துவிடும். மிகச் சிறிய அளவில் போயிருந்தால் படத்தில் தெரியாது. மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில் ஆரம்ப நிலை நோயாளர்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வாய்ப் புண்ணோடு சேர்த்துக் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். மற்றப் பிரிவில் கழுத்தில் கட்டி தலைகாட்டும்வரை காத்திருந்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. மூன்று வருடங்களின் பின் முதல் பிரிவில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள், காத்திருந்த பிரிவில் 67.5. ஆகவே "கழுத்துல ஒண்ணும் தெரியலையே, ஏன் வெட்டணும்?" என்று டொக்டரோடு சண்டை போடுவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கு 80 என்றால் என்ன? நூறு பேரைப் பற்றிய கணக்கு அது. உங்கள் ஒருவருக்கு 80 வீதம் உயிர் என்று அர்த்தமில்லை. எங்கள் பாடசாலையில் புலமைப்பரிசிலுக்கு இத்தனை வீதம் சித்தி என்று போர்டில் எழுதுகிறோம். அதைப் பார்த்து இந்தப் பிள்ளை பாஸா பெயிலா என்று எவராவது சொல்ல முடியுமா? சொல்லலாம் என்கிற வாத்தியார்மாரும் உண்டு, அது வேறு கதை.

இப்போது கம்பியூட்டரும் இதில் வந்துவிட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் பழகிய கணக்கப்பிள்ளை சாக்குக்குள் கையை விட்டே முற்றல் இலை எவ்வளவு என்று சொல்லிவிடுவார். அதே மாதிரி, நம் கண்ணுக்குப் பிடிபடாத நெளிவு, கரடு, நிற மாற்றம் எல்லாவற்றையும் ஸ்கேன் படத்திலிருந்து கம்பியூட்டர் எண்ணிப் பார்க்கிறது. 2014இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுநோயும் தலை, கழுத்துப் புற்றுநோயும் உள்ள 1,019 பேரின் சிடி படங்களை எடுத்து, ஒவ்வொரு படத்திலும் 440 அம்சங்களைக் கணக்கிட்டார்கள். அவற்றுள் சில, யார் அதிக காலம் இருப்பார்கள் என்பதோடு பொருந்தி வந்தன. அதற்குப் பிறகு இந்த வழியில் நிறைய ஆய்வுகள் நடக்கின்றன.

நல்ல விஷயம்தான். ஆனால் அந்த 1,019 பேர் யார்? தலை, கழுத்து நோயாளர்களாக அதில் இருந்தவர்களுக்குத் தொண்டையிலும் குரல்வளையிலும் நோய். ஐரோப்பாவில் சிகரெட்டும் சாராயமும் ஒரு வைரஸும் இந்த நோய்க்குப் பெரிய காரணம். எங்கள் ஆட்களுக்கு வருவது வெற்றிலை அடக்கிவைக்கிற கன்னத்தில், நாக்கோரத்தில். கீழ்நாட்டுக் கொழுந்தில் பழகிய கணக்கப்பிள்ளையை இந்த மலைக்குக் கொண்டுவந்தால் முதல் மாதம் தடுமாறத்தானே செய்வார்? எங்கள் வாய்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

இந்த இடத்தில் இன்னொன்று. எங்கள் தோட்டத்து வாய்களை உலகம் பார்க்காமல் இல்லை. 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் அறிஞரின் குழு பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன் தோட்டம் உட்பட இந்த மலைநாட்டில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளைப் பார்க்கத் தொடங்கி, 1985 வரை திரும்பத் திரும்ப அளந்தது. ஈறு நோய் தன்போக்கில் விட்டால் எப்படி வளரும் என்று உலகத்துப் பல் டொக்டர்மார் படிப்பது எங்கள் தாத்தாமாரின் வாயை வைத்துத்தான். அளந்த கணக்கு புத்தகத்துக்குப் போனது. லயத்துக்கு என்ன வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, ஸ்கேனுக்கு முன்னால் ஒரு டோர்ச் லைட் இருக்கிறது. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைந்ததாக 2005இல் அறிவித்தார்கள். வாயை ஒழுங்காகப் பார்த்ததில் வந்த பலன் அது. வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், மூன்று விரலை நிறுத்தி உள்ளே விட முடியாதபடி இறுகிப்போன வாய், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்துக் கட்டி. இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். "நான் புகையிலை போடுறதில்லை, பாக்கு மட்டுந்தான்" என்கிற அம்மாமாருக்கும் ஒரு வார்த்தை: பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004இலேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. குளிருக்கும் பசிக்கும் போடுகிறோம் என்பது எனக்குத் தெரியும். எங்க அப்பாயி கடைசி வரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தவர்.

எங்கள் நாட்டிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், 34 ஆரம்ப சுகாதார ஊழியர்கள் ஒரு வருடத்தில் 28,295 பேரின் வாயைப் பார்த்தார்கள். 1,220 பேரைப் பெரிய இடத்துக்குக் காட்டச் சொல்லி அனுப்பினார்கள். போனவர்கள் 660 பேர்.

மற்ற 560 பேர் ஏன் போகவில்லை? இங்கேதான் சம்பளத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்திலிருந்து கண்டிக்கோ பேராதனை பல் வைத்தியசாலைக்கோ கிளினிக் போவதென்றால் விடியுமுன் பஸ் ஏற வேண்டும். அன்றைய பேர் போச்சு. துணைக்கு வருபவரின் பேரும் போச்சு. மஹரகமைக்கு எழுதிக் கொடுத்தால் இரண்டு, மூன்று நாள். ஸ்கேனுக்கு ஒரு தடவை, ரிப்போர்ட்டுக்கு ஒரு தடவை, அதைக் காட்ட ஒரு தடவை. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்குப் பயம் மட்டும் காரணமில்லை. பிறகுதான் சொன்னார், கடன் வாங்கிய காசு முதல் ஸ்கேனோடு முடிந்துவிட்டதாம்.

ஒரு புண் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்குவது இப்படிப் போகாமல் விட்ட கிளினிக் நாட்களில்தான். ஆகவே எங்கள் கிளை இரண்டு கோரிக்கைகளை எழுதியிருக்கிறது. கிளினிக் துண்டு காட்டினால் நோயாளிக்கும் துணைக்குப் போகும் ஒருவருக்கும் அன்றைக்கு முழுப் பேர். வருடத்துக்கு இரண்டு முறை பிரட்டுக் களத்திலேயே, வேலை நேரத்தில், வாய்ப் பரிசோதனை. தலைவர் அண்ணன் இதைத் துரையிடம் கொடுக்கப் போகிறார். அதற்குக் கையெழுத்து வேண்டும்.

அந்த அப்பா தேதி தவறிப் பதினெட்டு நாள் கழித்துப் போனார். ஒப்பரேஷன் முடிந்தது. பேச்சு இன்னும் கொழகொழப்புத்தான், சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறார். அடுத்த ஸ்கேன் வருகிற மாதம். இந்த முறை சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போகிறார்.

கையெழுத்துத் தாள் செயலாளர் தங்கச்சியிடம் இருக்கிறது. ஆங்கில ரிப்போர்ட் வீட்டில் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறேன். டோர்ச் லைட்டும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மிட்வைஃப் அக்கா பின்பக்க வராந்தாவில் இருப்பார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போங்கள்.