நீண்ட ஆயுளும் அதைத் தாங்கின கைகளும்

(கடந்த ஆண்டில் நமது ஆஸ்பத்திரியில் மரித்த முதியோரின் குடும்பங்களுக்காகப் பாஞ்சாலங்குறிச்சியில் நடந்த நினைவு ஆராதனையில், ஆஸ்பத்திரிக் குருவானவர் கொடுத்த செய்தி)



பாஞ்சாலங்குறிச்சி என்று சொன்னவுடனே எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறவர் கட்டபொம்மன். 1799-ம் வருஷம் அவரைக் கயத்தாற்றிலே தூக்கிலிட்டார்கள். 1974-ல் அரசாங்கம் இங்கே அவருக்கு நினைவுக்கோட்டை கட்டிற்று. நடுவயதிலே வீரமரணம் அடைந்த ஒருவரை எப்படி நினைவுகூருவது என்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எண்பது தொண்ணூறு வயது வரை உழைத்து, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளைக் கண்டு, கட்டிலில் படுத்துக் கண்மூடின ஒரு தகப்பனாரை எப்படி நினைவுகூருவது? அதற்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

முதலாவது என்னுடைய குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்பு உப்பளத்திலே வேலை செய்து வாழ்ந்த ஒரு பெரியவர் நமது வார்டில் மரித்தார். அடக்க ஆராதனையில் நான்தான் பேசினேன். அவருடைய உழைப்பைச் சொன்னேன். மகன்மார் பெயரையும், அவர்கள் பார்க்கிற உத்தியோகத்தையும் சொன்னேன். ஆனால் கடைசி நாற்பது நாளும் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, இராத்திரி முழுவதும் விழித்திருந்த மகளுடைய பெயரைச் சொல்ல மறந்துபோனேன். எல்லாம் முடிந்த பிறகு அந்த மகள் என்னிடத்தில் வந்து, "ஐயா, எங்க அப்பாவைப் பத்தி நல்லாச் சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட வருத்தமாய்ச் சொல்லவில்லை. அது இன்றுவரைக்கும் என் மனதை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு, நீண்ட ஆயுள் வாழ்ந்த யாரைப் பற்றி வாசித்தாலும், இவரைத் தாங்கின கைகள் யாருடையவை என்று தேடிப் பார்க்கிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. நம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி அப்படித் தேடிக் கண்டதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

ஜி. யு. போப் ஐயரை உங்களுக்குத் தெரியும். திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். சென்னை மெரினா கடற்கரையிலே அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் பிறந்தது கனடா தேசத்துப் பிரின்ஸ் எட்வர்டு தீவில், 1820-ம் வருஷம் ஏப்ரல் 24-ம் தேதி. 1839-ல் சென்னைக்கு வந்தார். 1841-ல் மேரி கார்வர் என்ற குருவானவர் மகளை விவாகம் செய்தார். பிறகு இருவரும் நம்முடைய சாயர்புரத்துக்கு வந்தார்கள். அங்கே போப் ஐயர் ஒரு செமினரியை நடத்தினார். தமிழ்ப் பையன்களுக்கு லத்தீன், கிரேக்கு, எபிரெயு மூன்றையும் படிப்பித்தார்.

1845-ல் அவர் குருப்பட்டம் பெற்றார். அதே வருஷத்தில்தான் மேரி அம்மாள் தூத்துக்குடியிலே மரித்தார்கள். விவாகமாகி நான்கு வருஷம். போப் ஐயருக்கு வயது இருபத்தைந்து. அந்நாட்களில் தூத்துக்குடியில் இன்றுபோல் ஆஸ்பத்திரிகள் இல்லை, இரத்தம் ஏற்றுகிற வசதி இல்லை, நுண்கிருமியைப் பற்றின அறிவே உலகத்தில் பரவவில்லை. நாம் தினமும் பஸ் ஏறி இறங்குகிற அந்தப் பட்டணத்தில், நாம் கொண்டாடுகிற அந்தப் பெரியவர் தம்முடைய முதல் பெரிய துக்கத்தைச் சந்தித்தார். குறளைப் பற்றிப் பேசுகிற நாம் மேரி அம்மாளை நினைப்பதில்லை.

நான்கு வருஷம் கழித்து, 1849-ல், சென்னையிலே ஹென்ரியெட்டா வான் சோமரன் என்ற அம்மாளை அவர் விவாகம் செய்தார். தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர், கடைசியில் ஆக்ஸ்போர்டு என்று ஊர் ஊராய் மாறின வாழ்க்கை அது. ஒவ்வொரு ஊரிலும் புதிதாய் ஒரு குடும்பத்தை நிலைப்படுத்த வேண்டியதாயிருந்தது. மகன்மாரில் ஒருவர் பர்மாவில் கல்வித்துறைத் தலைவர் ஆனார்; ஒருவர் ரயில்வே எஞ்சினியர் ஆனார்; இன்னொருவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலே கண் வைத்தியப் பேராசிரியர் ஆனார். பர்மாவுக்குப் போன மகனுடைய பெயர் ஜான் வான் சோமரன் போப். தாயார் வீட்டுப் பெயரை அந்த மகன் தன் பெயரோடு சுமந்தார்.

போப் ஐயரைக் குறையில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. சாயர்புரத்தில் அவருடைய கண்டிப்பு மிகவும் அதிகமாயிருந்ததையும், அதனால் மாணவர்கள் அடிக்கடி எதிர்த்து நின்றதையும் கால்டுவெல் அத்தியட்சரே எழுதியிருக்கிறார். நம்முடைய தகப்பன்மாரிலும் கோபக்காரர்கள் உண்டு. மரித்தவரைத் தேவதூதனாக்க வேண்டியதில்லை. உள்ளபடி நினைத்து, உள்ளபடி நேசித்தால் போதும்.

அவருடைய பெரிய புத்தகங்கள் எல்லாம் முதுமையில் வந்தவை. திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-ல் வெளிவந்தபோது வயது அறுபத்தாறு. நாலடியார் 1893-ல். பிறகு திருவாசகத்தைத் தொடங்க நினைத்தபோது, இதை முடிக்குமட்டும் உயிரோடிருப்பேனா என்ற பயம் அவருக்கு இருந்தது. பேலியல் கல்லூரியின் தலைவர் ஜோவெட் என்பவரோடு பேசிக்கொண்டு நடந்தபோது, அந்தப் பயத்தைச் சொன்னார். பெரிய வேலையைக் கையில் வைத்திருக்கிறவன் நெடுநாள் வாழ்வான், நீர் முடிக்கும் வரை இருப்பீர் என்ற கருத்தில் அவர் தைரியம் சொன்னார். அப்படியே நடந்தது. 1900-ம் வருஷம், தம்முடைய எண்பதாவது பிறந்தநாளில், அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதிக் கையெழுத்திட்டார். முதல் தமிழ்ப் பாடத்தைப் படித்தது 1837-ல் என்று அதிலே நினைவுகூர்ந்தார்.

1908 பிப்ரவரியில் அவர் மரித்தார். தம்முடைய கல்லறையில் தமிழ் மாணவன் என்று எழுதச் சொன்னார் என்ற கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். நானும் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஆக்ஸ்போர்டிலே உள்ள அந்தக் கல்லில் அப்படிப்பட்ட வாசகம் இல்லை. அங்கே எழுதியிருப்பது எனக்கு அதைவிட மேலாகத் தோன்றுகிறது. அந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. வீட்டாரும் ஊராரும் ஒரே கல்லில். மூன்று வருஷம் கழித்து, 1911-ல், ஹென்ரியெட்டா அம்மாளும் அதே கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டார்கள். ஐம்பத்தெட்டு வருஷத்துக்கும் மேலான இல்லற வாழ்க்கை.

அன்பானவர்களே, உங்கள் வீட்டுப் பெரியவருக்கு யாரும் சிலை வைக்கப்போவதில்லை. அவர் புத்தகமும் எழுதவில்லை. ஆனால் அவருடைய ஆயுளும் ஒருவர் தனியாய் வாழ்ந்ததல்ல. அவருக்கு முன்னே போனவர்கள் உண்டு. கூடவே நடந்தவர்கள் உண்டு. கட்டிலண்டையில் தூங்காமல் இருந்தவர்கள் உண்டு. மனைவி, மகள், மருமகள், சில வீடுகளில் மகனும் பேரனும்.

ஆகையால் இன்று மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஒரு காரியம் செய்யுங்கள். மரித்தவருடைய பெயரைச் சொல்லுங்கள். அதோடு, அவரைக் கவனித்தவருடைய பெயரையும் சத்தமாய்ச் சொல்லுங்கள். அவர் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். சொத்துக் கணக்கு, செலவுக் கணக்கு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கடன் முதலில் தீரட்டும்.

நமது ஆஸ்பத்திரியை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குகிற அன்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்புகிற உதவி மருந்துக்கும் படுக்கைக்கும் போகிறது. அந்தப் படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கிறவரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் எங்கள் கேஸ் ஷீட்டில் இருக்காது. கர்த்தருக்குத் தெரியும்.

உப்பளத்துப் பெரியவரின் அந்த மகளைப் பிறகு ஒருநாள் வீட்டில் போய்ப் பார்த்து, மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "உட்காருங்க ஐயா" என்று சொல்லிக் காப்பி கொடுத்தார். போகும்போது, "அப்பா என் பேரைச் சொல்லித்தான் கண்ணை மூடினாங்க. எனக்கு அது போதும்" என்றார்.

அவருக்கு அது போதும். எனக்குப் போதாது. அதனால்தான் இன்று உங்களிடத்தில் பேசினேன். கர்த்தர் உங்கள் எல்லாரையும் ஆறுதல்படுத்துவாராக. ஆமென்.