பேரன் மறந்த பெயர்



கிழக்கு மேற்கு ரயில் தடத்தில் ஒரு மனிதரின் பெயர் விடியற்காலையிலிருந்து நள்ளிரவுவரை அறிவிக்கப்படுகிறது. பூன் லே. சியூ பூன் லே என்ற சீன வணிகருக்கு ஒரு காலத்தில் சொந்தமாக இருந்த நிலம் அது. மிளகு விளைந்தது, பிறகு ரப்பர் வந்தது. அவர் 1933ல் மறைந்துவிட்டார். தோட்டமும் போய்விட்டது. 1990ல் பெருவிரைவு ரயில் நிலையம் வந்தபோது, அதற்கும் அவர் பெயரே நிலைத்தது. அதுவும் சியூ என்ற குடும்பப் பெயர் அல்ல, அவருக்கென்று வைத்த சொந்தப் பெயர்.

இந்த மண்ணில் பாடுபட்ட தமிழர்களுக்குக் குறைவில்லை. ரப்பர் பால் வெட்டினார்கள், சாலை போட்டார்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெயர் நின்றவர்கள் வெகு சிலர். 1905ல் ஊரைவிட்டுக் கிளம்பி வந்து மளிகைக் கடையில் வேலைக்கு நின்ற பி. கோவிந்தசாமிப் பிள்ளையின் பெயர், சிராங்கூன் சாலை பெருமாள் கோயில் திருமண மண்டபத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் மண்டபம் கட்ட முடியுமா? தெருவுக்குப் பெயர் வைக்கவில்லையே என்பதல்ல இங்கே குறை. வீட்டுக்குள்ளேயே அந்தப் பெயர் இல்லையே என்பதுதான்.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டுப் பிள்ளையிடம் அப்பா பெயரைக் கேளுங்கள், உடனே சொல்லும். தாத்தா பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தாத்தாதான்” என்று சொல்லும். தாத்தாவின் அப்பா பெயர்? அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அம்மா அப்பாவைப் பார்ப்பார்.

பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பெயர் வழக்கமே அப்படி. அடையாள அட்டையில் மகன் பெயருக்குப் பின்னால் ‘எஸ்/ஓ’ என்று போட்டு அப்பா பெயர் வரும். அந்த மகனுக்கு மகன் பிறந்ததும் அவன் அட்டையில் இவர் பெயர் ஏறும், தாத்தா பெயர் இறங்கிவிடும். சீனக் குடும்பத்தில் குலப்பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. நமக்கோ பேருந்தில் இருக்கை மாறுவதைப்போல, ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்துவிட வேண்டும்.

நம் முன்னோர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று, பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் குழந்தையைச் ‘சின்னவரே’ என்று கூப்பிட்ட வீடுகளும் உண்டு. இப்போது எண்கணிதம் பார்த்து, கேட்க இனிமையாக, இரண்டு அசையில் பெயர் வைக்கிறோம். முனியாண்டி என்றும் காத்தமுத்து என்றும் பள்ளியில் கூப்பிட்டால் பிள்ளை சிரமப்படுமே என்ற பெற்றோரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. பெயரை வைக்காமல் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லாமலே இருந்துவிடுவதற்கு என்ன காரணம்?

அந்தப் பெயருக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பூன் லேயில் ஒரு வீவக வீட்டை எடுத்துக்கொள்வோம். தாத்தா போருக்கு முன்பே நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறியவர். 1926ல் ஓடத் தொடங்கி 1973 வரை அந்தத் தடத்தில் போய்வந்த கப்பல் அது. மேல்தளத்தில் பாய் விரித்து ஒரு வாரப் பயணம். மனைவியும் பிள்ளையும் ஊரிலேயே இருந்தார்கள். மாதம் தவறாமல் மணியார்டர் போனது, ஆள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் போனார். மகனுக்கு அப்பா என்றால் ஒரு கையெழுத்து, ஒரு புகைப்படம், சில மாதங்கள் வீட்டில் தங்கிப்போகும் ஒரு விருந்தாளி.

பிறகு கதவுகள் சாத்தப்பட்டன. 1953ல் நடப்புக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருவோரைக் கடுமையாகக் குறைத்தது. 1957ல் சிங்கப்பூர் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழ் முரசின் நிறுவனர் கோ. சாரங்கபாணி, குடியுரிமை பெறுங்கள் என்று தமிழர்களிடம் இயக்கமே நடத்தினார். திருவாரூரில் பிறந்து 1924ல் இங்கு வந்தவர் அவர். ஊரா இங்கா என்ற ஊசலாட்டம் அவருக்குத் தெரியாததல்ல. எத்தனையோ பேர் தயங்கினார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டால் ஊர் போய்விடுமோ என்ற பயம். 1965க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1971ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. பல காலம் இங்கே உழைத்தவர்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். கையெழுத்துப் போட்டவரின் குடும்பம் இங்கே இருக்கிறது, போடாதவரின் குடும்பம் அங்கே இருக்கிறது. உங்கள் தாத்தா எந்த நாளில், யார் சொல்லி, என்ன நினைத்துப் போட்டார்? அந்த ஒரு கையெழுத்தில்தான் பேரனின் தேசிய சேவையும் பேத்தியின் பல்கலைக்கழகமும் இருந்தன.

அப்பாவின் கதை வேறு. 1961ல் ஜூரோங்கில் தொழிற்பேட்டை தொடங்கியபோது சதுப்பு நிலத்தில் பணத்தைக் கொட்டுவதாகக் கேலி பேசினார்கள். அந்த ஆலைகளிலும் கப்பல் பட்டறைகளிலும் மூன்று ஷிப்ட் பார்த்த தலைமுறை அது. இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்கும் அப்பாவைப் பிள்ளைகள் சத்தம் போட்டு எழுப்பக்கூடாது. அப்படி வளர்ந்த வீட்டில் பேச்சு எங்கிருந்து வரும்? தன் அப்பாவோடு சேர்ந்து வாழாத அவரும், பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று பழகவில்லை. பலரும் இதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. சீனக் கல்லறையில் இறந்தவரின் பூர்வீக ஊர்ப் பெயரைச் செதுக்கும் வழக்கம் இருக்கிறது. நம் இந்துக் குடும்பங்களில் தகனம் முடிந்து அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுகிறோம். கல் இல்லை, அதில் எழுத்தும் இல்லை. மிஞ்சுவது பிறப்புச் சான்றிதழ், பழைய கடப்பிதழ், தகரப் பெட்டி. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் இவைதான். அவற்றைத் தூக்கிப்போடும் முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

தேடுவோருக்கு இன்று வசதி பெருகியிருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் கிடைக்கின்றன. 1979ல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவின் பதிவுகளில் நம் பெரியவர்களின் குரல்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பதிவேடுகளில் தேடும்போது ஒரே பெயரை நான்கு விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். சுப்பையாவை எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருப்பார்.

நூலகம் நாளைக்கும் திறந்திருக்கும். பூன் லே சந்தைப் பக்கம் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் எண்பது வயதுக்காரரிடம் இந்த வாரமே போகலாம். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு, பேரனையே பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

“தாத்தா, உங்க அப்பா பேர் என்ன?”